அரைப் பேர்

சோலைமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
நோர்வூட்.
10.03.2002

அன்புத் தம்பி அழகுமுத்துவுக்கு, அக்கா சண்முகவடிவு எழுதுவது. நானும் உன் மச்சானும் மகள் நிஷாந்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கொழும்பு வெயிலில் உன் தலைவலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை தேத்தண்ணியைக் குடித்தே நாளைத் தள்ளுகிறாயா?

தைப்பொங்கலுக்கு வருகிறேன் என்றாய். பொங்கல் பொங்கி, பானையைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. சரி, அதை விடு.

போன மாதம் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். நம் கோவாப் பாத்திக்கு நடுவில் ஒரு மெசினை வைத்துத் துளை போட்டு, கை நீளத்துக்கு உருளை உருளையாகக் கல்லை இழுத்து எடுத்தார்கள். முதலில் வெள்ளைக் கல். பிறகு கறுப்பு. பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா ஒரு துண்டைக் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "என்னா வடிவு, கண்மை மாதிரி வழுக்குது" என்றாள். அது காரீயமாம், பென்சிலுக்குள் இருப்பதாம். நிஷாந்திதான் அவள் பென்சிலைக் கொண்டுவந்து காட்டிச் சொன்னாள்.

அந்த ஜீப் கதவில் இருந்த படம், நீ அனுப்பின கலண்டரில் இருக்கும் அதே படம். உன் கம்பெனிதானே? "என் தம்பி உங்க ஆபீஸ்லதான் இருக்கான்" என்று சொல்ல ஆசையாக இருந்தது. சிங்களத்தில் வாய் வரவில்லை.

எழுது. இரண்டு வரி என்றாலும் எழுது.

இப்படிக்கு உன் அக்கா,
சண்முகவடிவு


வெள்ளவத்தை, கொழும்பு.
02.04.2002

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும், உங்கள் சுகம் அறிந்து நிம்மதி. எனக்கும் குறையில்லை. தலைவலி கண்ணாடி போட்ட பிறகு குறைந்திருக்கிறது.

நீங்கள் பார்த்தது எங்கள் கம்பெனிதான். ஆனால் அது நில ஆய்வுப் பகுதி. நான் இருப்பது எழுத்து வேலையில், எனக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. காரீயத்தை இப்போது யாரும் பென்சிலுக்காகத் தேடுவதில்லை. கைத்தொலைபேசி பெட்டரிக்கு அது வேண்டும். இனி மின்சாரத்தில் ஓடுகிற கார் வருமாம், புகையே விடாதாம், அதன் பெட்டரிக்கு மூட்டை மூட்டையாக வேண்டுமாம். வெளிநாட்டுக்காரர்கள் பிறகு தட்டுப்பாடு வரும் என்று பயந்து, எந்த நாட்டில் எந்த மலைக்குக் கீழே இருக்கிறது என்று இப்போதே தேடிப் பிடித்து வைக்கிறார்கள். போர்நிறுத்தம் வந்ததோடு இங்கேயும் வந்துவிட்டார்கள். நம் நாட்டுக் காரீயம் மிகச் சுத்தமானது என்று சொல்கிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். கடித உறையின் பின்னால் தோட்டத்துப் பேரும் லயமும் எழுத வேண்டாம். நோர்வூட் என்று மட்டும் போட்டால் போதும். ஆபீசில் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

இன்னொன்று, சும்மா கேட்கிறேன். இப்போதும் காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுத்தான் ஆட்களை வேலைக்கு அனுப்புகிறார்களா? யார் கூப்பிடுவது?

நிஷாந்திக்கு என் அன்பு.

தம்பி,
அ. முத்து


நோர்வூட்.
19.04.2002

அன்புத் தம்பிக்கு, வருஷப் பிறப்பு நல்லபடியாகக் கழிந்தது. எல்லோரும் சுகம். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும். நீ சொன்னபடி உறையில் நோர்வூட் என்று மட்டும் போட்டிருக்கிறேன். நோர்வூட்டில் கடைகளும் நாய்களும் இருக்கின்றன, இந்தக் கடிதம் எதனிடமிருந்து வந்தது என்று உன் ஆபீஸ் ஆட்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

பெரட்டைப் பற்றிக் கேட்டாய். மறந்துபோச்சா உனக்கு? அம்மா முதுகில் தூங்கிக்கொண்டு அங்கே வந்தவன்தானே நீ. இப்போதும் ஆறரைக்கு, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து பேர் கூப்பிடுகிறார். கூப்பிட்டவருக்கு வேலை, வேலை முடித்தவருக்குப் பேர். பறித்த தேயிலைக் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். கம்பெனிக்காரர்களிடம் போய்ப் பேர் என்று சொன்னால் அப்பன் ஆத்தாள் வைத்த பேர் என்று நினைப்பார்கள். நமக்குத்தான் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.

மழை தொடங்கினால் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை என்று இப்போதே பேச்சு. ஒரு பேருக்காக ஆட்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதெல்லாம் உனக்கு எதற்கு? வருவதாக இருந்தால் மட்டும் சொல், கோழியை விட்டு வைக்கிறேன்.

அக்கா


நோர்வூட்.
20.06.2002

அன்புத் தம்பிக்கு, இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதுமா? இங்கே மழை. உன் மச்சானுக்கு இருமல், மற்றபடி சுகம்.

ஒரு நல்ல செய்தி. ஆறாம் தேதி வியாழக்கிழமை பெரட்டுக் களத்தில் மேசை போட்டிருந்தார்கள். உன் கம்பெனி ஆள் ஒருவர், பக்கத்தில் கண்டாக்கு ஐயா. மேசையில் ஒரு தாள். மேலே தமிழில் பெரிதாக "கீழ்ப்பிரிவு – பேர் பதிவு" என்று இருந்தது. அதன் கீழே சிங்களத்தில் பொடி எழுத்து. அதற்கும் கீழே கையெழுத்துப் போடக் கட்டம். "கையெழுத்துப் போடுறவங்களுக்கு இன்னைக்கு மலைக்குப் போகாமலே பேர்" என்றார் கண்டாக்கு ஐயா. ஜீப் வந்து பாத்தியை மிதித்ததற்காகத் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

பதினெட்டுக் குடும்பமும் போட்டது. முதல் கையெழுத்து யாருடையது என்கிறாய்? உன் அக்காவுடையது. வீரம்மா அக்கா தயங்கினாள். "போடுங்கக்கா, நல்லதுக்குத்தான்" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துப்போனேன். அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை நீ வரும்போது சொல்கிறேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

சொன்னபடி எல்லோருக்கும் பேர் விழுந்தது.

அக்கா


கொழும்பு.
12.07.2002

அன்புள்ள அக்காவுக்கு, நான் சுகம். மச்சானின் இருமலுக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் காட்டவும். வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை.

நீங்கள் ஏன் முதலில் போட்டீர்கள்? வேறு யாராவது போடட்டும் என்று பின்னால் நின்றிருக்கலாமே.

நிஷாந்திக்கு ஒரு மழைக்கோட்டு அனுப்பியிருக்கிறேன்.

முத்து


நோர்வூட்.
25.08.2002

தம்பிக்கு, மழைக்கோட்டு வந்தது, அளவு சரி. உன் மச்சானுக்கு இருமல் விட்டுவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

போன திங்கட்கிழமை லயத்துச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள், முழுக்கச் சிங்களத்தில். உன் மச்சான் அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு நோர்வூட் கடை முதலாளியிடம் ஓடினார். அவர் படித்துச் சொன்னதைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். கீழ்ப்பிரிவுப் பதினெட்டுக் குடும்பமும் தங்கள் சொந்த விருப்பத்தில் லயத்தையும் தோட்டப் பாத்தியையும் விட்டுப் போகச் சம்மதித்துக் கையெழுத்து இட்டிருக்கிறதாம். டிசம்பர் முப்பத்தோராம் தேதிக்குள் மேற்பிரிவின் பழைய லயத்துக்குப் போக வேண்டுமாம். அந்தப் பழைய லயம் உனக்குத் தெரியும். கூரைத் தகரம் பறந்து பத்து வருஷம் ஆகிறது, இப்போது மாடுகூட ஒதுங்குவதில்லை.

ஒரு பேருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டோம் முத்து. ஒரே ஒரு நாள் பேருக்கு.

யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தண்ணி எடுக்கப் பீலிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. மச்சான்தான் இரவு சாப்பிட உட்கார்ந்தவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து, "அவங்க கார் புகை விடாம ஓடணும்னா, நம்ம அடுப்புல புகை இல்லாமப் போகணுமா வடிவு?" என்று கேட்டார். நீ எழுதினதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

உன் ஆபீசில் விசாரித்துச் சொல். அந்தத் தாளைத் தமிழில் எழுதியது யார் என்று உனக்குத் தெரியுமா?

அக்கா


கொழும்பு.
30.09.2002

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு கிழமை காய்ச்சல், இப்போது பரவாயில்லை. அதனால்தான் பதில் தாமதம்.

அறிவித்தலைப் பற்றிக் கேட்டு வருத்தம். தாளை எழுதியது யார் என்று தெரியவில்லை. பெரிய ஆபீஸ், பல பேர் இருக்கிறார்கள். விசாரித்துப் பார்க்கிறேன். அந்த லயத்துக்குக் கூரை போட்டுத் தருவார்கள் என்று நினைக்கிறேன்.

முத்து


நோர்வூட்.
12.10.2002

தம்பி அழகுமுத்து, காய்ச்சல் விட்டதா? கொத்தமல்லி அவித்துக் குடி. இங்கே உடம்புகளுக்கு ஒன்றுமில்லை.

உனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உன் "ழ"வுக்கு வால் நீளம். எழுதி முடித்து, கீழே இழுத்து, ஒரு சுழி சுழித்து அடுத்த வரியில் கொண்டுபோய் விடுவாய். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் எத்தனை அடி வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளில் "கீழ்ப்பிரிவு" என்று இருந்ததே, அந்த "ழ" அடுத்த வரிவரைக்கும் வாலை விட்டுக்கொண்டு நின்றது. அச்சில்லை, கையால் எழுதிப் பிரதி எடுத்தது. மேசைக்கு முன்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. என் தம்பி ஆபீசில் இருந்துகொண்டு நமக்கு ஒரு பேர் வாங்கித் தந்திருக்கிறான் என்று நினைத்தேன். அதனால்தான் முதலில் போட்டேன். அதனால்தான் வீரம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். என் பெருமைக்குப் பதினேழு குடும்பத்தையும் சேர்த்து இழுத்துவிட்டேன்.

இது வரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கே வெட்கமாக இருக்கிறது, அதுதான். இரண்டு கடிதமாக நீ வாய் திறப்பாய் என்று காத்திருந்தேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பேர் என்றால் நாங்கள் பறந்து வருவோம் என்று உன் கம்பெனி துரைமாருக்கு யார் சொன்னது? அது லயத்தில் பிறந்தவனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஆயிற்றே. பெரட்டைப் பற்றி நீ சும்மா கேட்டாயே, அதற்கு நானும் ஒரு பக்கம் எழுதினேனே.

நுவரெலியா அரசாங்கக் கச்சேரியில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். நவம்பர் ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. வா.

சண்முகவடிவு


கொழும்பு.
22.10.2002

அக்கா, சுகம் கேட்க எனக்கு முகமில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு கூட்டம். வேறொரு இடத்தில் சனங்களிடம் சம்மதம் வாங்க ஏழு மாதம் போய்விட்டது, கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் பொறுக்க மாட்டார்கள் என்று மானேஜர் சத்தம் போட்டார். இந்தத் தோட்டத்திலும் அப்படி ஆனால் எல்லோருக்கும் வேலை போகும் என்றார். நான் கை தூக்கினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை அக்கா. நானாகத்தான் தூக்கினேன். "வீடு வீடாகப் போனால் கேள்வி வரும். பெரட்டில் மேசை போடுங்கள், பேர் பதிவு என்று தலைப்பிடுங்கள், ஒரு நாள் சம்பளம் கொடுங்கள், அரை மணித்தியாலத்தில் முடியும்" என்றேன். உங்கள் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று மானேஜர் கேட்டார். புத்தகத்தில் படித்தேன் என்றேன்.

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை. மேற்பிரிவில் புது லயம் கட்டித் தருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய லயம் என்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை.

ஏழாம் தேதி வருகிறேன். சொல்லிவிடுகிறேன்.

முத்து


நோர்வூட்.
10.11.2002

தம்பிக்கு, நீ கொழும்புக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். ஜீப்பில்தானே போனாய்.

நீ வந்தாய். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. கழுத்தில் டை கட்டி, உன் மானேஜருக்குப் பக்கத்தில் நின்றாய். விசாரித்த உமாசுதன் ஐயா யாழ்ப்பாணத்து ஆள், நல்ல மனுஷர்தான், ஆனால் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேர் பதிவு எண்டுதானே போட்டிருக்கு? பேரைப் பதிஞ்சிருக்கிறியள். இதில என்ன பிழை?" என்று கேட்டார். தமிழும் தமிழும்தான், இருந்தும் அவருக்குப் பேர் என்றால் பேர்தான். உன் மச்சான் விளக்கிச் சொன்ன பிறகுதான் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை எழுதினது ஆர்?" என்றார்.

நீ ஒரு அடி முன்னால் வந்து, நான்தான் என்றாய். எனக்கு மூச்சு வந்தது. பிறகு, "மொழிபெயர்ப்பில் வந்த பிழை ஐயா" என்றாய். உன் மானேஜர் உன் தோளில் கை வைத்தார்.

உமாசுதன் ஐயா சொன்னது உன் காதிலும் விழுந்திருக்கும். "தெரியாமல் விட்ட பிழை எண்டால் திருத்தி எழுதலாம், கையெழுத்து நிக்கும். ஏமாத்தவெண்டு தெரிஞ்சு செய்த வேலை எண்டால் தாளே செல்லாது. எது எண்டு எனக்கு எழுத்தில வேணும். டிசம்பர் அஞ்சாந் திகதி முடிவு." அதைக் கேட்டும் நீ உன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

வெளியே வந்தால் வீரம்மா அக்கா உனக்குப் பரிந்து பேசுகிறாள். "பாவம், புள்ள தெரியாம எழுதிருச்சு. நம்ம புள்ள தெரிஞ்சா செய்யும்?" தன் பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை உனக்கு ஊற்றிக் கொடுத்தாள். நீ வாங்கிக் குடித்தாய் முத்து. கடைசிச் சொட்டுவரை குடித்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதின கடிதம் அரிசி டின்னுக்குள் இருக்கிறது. அன்றைக்கு அதைக் கொண்டுவந்திருந்தேன், ஜாக்கெட்டுக்குள் இருந்தது. எடுத்து மேசையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நான் வைத்தால் அது நான் காட்டிக்கொடுத்தது ஆகும், நீ சொன்னது ஆகாது.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது, தாளைப் பார்த்ததும் தம்பி கையெழுத்து என்று தெரியும், அந்தப் பெருமையில்தான் உங்களை இழுத்தேன் என்று சொன்னேன். வீரம்மா அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போதும் சரியாகப் பேசுவதில்லை. பீலியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அது எனக்கு வேண்டியதுதான்.

கொழுந்து நிறை குறைந்தால் என்ன கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு உனக்கு விழுந்தது அரைப் பேர்தான் தம்பி. மீதி அரையை நீதான் வந்து எடுக்க வேண்டும். இனி நான் எழுத மாட்டேன்.

அக்கா


கொழும்பு.
25.11.2002

கீழ்ப்பிரிவு லயத்தில் இருக்கும் பதினெட்டுக் குடும்பத்தாருக்கும், அக்கா இதைப் பெரட்டில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும்.

ஜூன் ஆறாம் தேதித் தாளில் இருந்தது பிழை இல்லை. பேர் என்றால் உங்களுக்கு என்ன என்று தெரிந்துதான் அந்தச் சொல்லைப் போட்டேன். அந்த யோசனையை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகச் சொன்னேன். சிங்களத்தில் இருந்ததை நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வெட்கப்படுவீர்கள் என்றும் தெரியும். இது முழுவதையும் உமாசுதன் ஐயாவுக்கு எழுதி, இன்று காலை பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். பற்றுச்சீட்டு உள்ளே இருக்கிறது. அதன் பிரதியை மானேஜர் மேசையில் வைத்துவிட்டு ஆபீசிலிருந்து வெளியே வந்தேன். எப்படித் தெரியும் என்று அவர் மறுபடியும் கேட்டார். பிறந்த இடம் என்றேன்.

வீரம்மா அக்கா, உங்கள் தேத்தண்ணியைக் குடித்திருக்கக் கூடாது.

ஐந்தாம் தேதி கச்சேரிக்கு பஸ்ஸில் வருகிறேன். உங்களோடு நிற்க இடம் கேட்க மாட்டேன், தள்ளி நிற்கிறேன். ஐயா கேட்டால் வாயாலும் சொல்கிறேன்.

கடித உறையின் பின்னால் விலாசத்தை முழுக்க எழுதியிருக்கிறேன். கீழேயும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற முனியாண்டி, காலஞ்சென்ற ராசம்மா இவர்களின் மகன்
அழகுமுத்து,
ஏழாம் நம்பர் காம்பரா,
கீழ்ப்பிரிவு லயம்,
சோலைமலைத் தோட்டம்,
நோர்வூட்.